தளிர் காட்டிய பையன்

(ஏலாக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலையில் தஞ்சாவூரில் பேருந்து ஏறி, திருவையாறு வழியாக வந்து, கொள்ளிடப் பாலம் தாண்டித் திருமானூரில் இறங்கினேன். ஆட்டோக்காரரிடம் ஏலாக்குறிச்சி என்றேன். "மாதா கோயிலுக்கா சார்?" என்றார். "கோயிலுக்குத்தான், பேசுவதற்கு" என்றேன். "பிரசங்கமா?" என்றார். "இல்லை, தமிழ்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் இங்க நடந்ததுதானே" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். இன்றைய கூட்டத்துக்கு அவர்தான் வரவேற்புரை ஆற்றினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் தமிழ் பேச வருகிறவன் வீரமாமுனிவரைப் பற்றிப் பேசுவான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நானும் அவரில்தான் தொடங்குகிறேன். ஆனால் அவரோடு நிற்கப் போவதில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று இந்த வட்டாரத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு, ஒரு பையனோடு மாயவரத்துக்குப் போகப் போகிறேன். பேச எடுத்துக்கொண்ட பொருள் சின்னது: ஒருவன் தான் கடவுள்போல நினைத்திருக்கும் புலவர் முன்னால் போய் நிற்கிறான், அவர் அவனிடம் அன்பாக நடந்துகொள்கிறார். அப்புறம் என்ன ஆகிறது?

முனிவரை நாம் எப்போதும் கொடுத்தவராகவே பேசுகிறோம். 3,615 பாடல்களில் தேம்பாவணி கொடுத்தார், தொன்னூல் விளக்கம் கொடுத்தார், 1732இல் சதுரகராதி கொடுத்தார், பரமார்த்த குருவைக் கொடுத்து நம்மைச் சிரிக்க வைத்தார். இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் கொடுத்து ஒரு கலம்பகமும் பாடினார். அரியலூர் மழவராயருக்கு வந்த பிளவையைக் குணப்படுத்திய கதையும், அதற்கு மழவராயர் நிலம் விட்ட கதையும் இங்குள்ள குழந்தைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் நான் கை வைக்கவில்லை.

அவர் வாங்கியவர் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். 1680இல் இத்தாலியில் காஸ்திலியோனேயில் பிறந்த மனிதர். தமிழ்நாட்டுக்கு வரும்போது முப்பது வயது. அந்த வயதில் ழகரத்தை நாக்கில் ஏற்றுவது என்றால் சும்மாவா? நம்மில் பலருக்கு அறுபது வயதிலும் ஏறவில்லை. அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர். யார் இந்தக் கவிராயர்? கூளப்ப நாயக்கன் காதல், கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது பாடியவர். அதாவது, சிருங்காரத்தில் ஊறிய ஒரு புலவர் துறவு பூண்ட ஒரு பாதிரியாருக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார். இவர் பாடுவது அவருக்கு ஆகாது, அவர் பாடப்போவது இவருக்குச் சம்பந்தமில்லை. பாடம் மட்டும் நடந்திருக்கிறது.

பிற்காலத்தில் சிலர் தேம்பாவணியையே கவிராயர்தான் எழுதிக் கொடுத்தார் என்று கிளப்பினார்கள். மாணவன் நன்றாக எழுதிவிட்டால் வாத்தியார் எழுதிக் கொடுத்தது என்பது நம் ஊர்ப் பழைய வியாதி. எனக்கு அந்த வழக்கில் நம்பிக்கை இல்லை. கவிராயர் கொடுத்தது பாட்டு கட்டும் வித்தை. அது கைக்கு வந்தபிறகு, தன் வேதத்தைத் தன் பாட்டில் வைக்க முனிவருக்கு இன்னொருவர் எதற்கு?

பாடம் கேட்ட கதையை உட்கார்ந்து விரிவாக எழுதி வைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் நம்மிடம் இல்லை. நூற்றைம்பது ஆண்டு கழித்து இதே வட்டாரத்தில் பாடம் கேட்ட ஒரு பையன் எழுதி வைத்தான், எண்பது வயதுக்கு மேல், ஆனந்த விகடனில் தொடராக. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940இல் தொடங்கி, அவர் 1942 ஏப்ரலில் மறையும்வரை வந்தது. முடியாமலே நின்றது. அதைச் சிந்தாமணியும் புறநானூறும் பதிப்பித்தவரின் வரலாறாகவே எல்லோரும் படிக்கிறார்கள். அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள் அதன் முதல் முப்பது அத்தியாயங்களைத் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும். அது நம் மண்ணின் கதை.

அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். உடையார்பாளையத்தில் கனம் கிருஷ்ணையரிடம் குருகுலமாக இருந்து கற்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து, ஊர் ஊராகப் போய், கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மகனைச் சங்கீதத்தில் விடலாம் என்பது அவர் ஆசை. மகனுக்குத் தமிழ்ப் பைத்தியம். அந்தக் காலத்தில் தமிழ் மட்டும் படித்தால் சோறு இல்லை. இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம், சமஸ்கிருதம் படித்தால் மதிப்பு, தமிழ் படித்தால் ஒன்றும் இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தகப்பனார் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பையனுக்குப் பாடம் சொல்லக்கூடிய ஆள் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே தூக்கிக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை. இன்று பிள்ளை நீட் பயிற்சிக்குப் போகிறான் என்று நாமக்கல்லில் வீடு எடுக்கிறார்களே, அதே காரியம்தான். என்ன, இவர் யாப்பருங்கலக் காரிகைக்காகச் செங்கணத்தில் வீடு எடுத்தார்.

இந்த நான்கு பேரையும் தமிழ் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் தேடிப் பாருங்கள். இருக்க மாட்டார்கள். 'என் சரித்திரம்' எழுதியவர் நன்றி மறக்காததால் அதில் இருக்கிறார்கள். அவர்களில் ரெட்டியாரிடம் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். செங்கணம் பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரெட்டியார் வயதானவர், வசதியுள்ளவர், யாப்பில் கரை கண்டவர். மாணவன் கெட்டிக்காரன், சொன்னதைப் பிடித்துக்கொள்கிறான், கூப்பிட்ட குரலுக்கு வருகிறான். இப்படி ஒரு பையன் கிடைத்தால் யார் விடுவார்கள்? கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டு, தான் பாடியதை ஏட்டில் எழுத வைத்து, சபையில் இவன் என் சிஷ்யன் என்று காட்டிக்கொள்ளலாம். ரெட்டியார் செய்தது வேறு. இவனுக்கு இனி என்னிடம் இருப்பது போதாது, மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று தகப்பனாரிடம் வற்புறுத்தினார்.

இலக்கியத்தில் பார்க்கும் பெருந்தன்மைகளில் எனக்கு இதைவிடப் பெரியது தெரியாது. பாராட்டுவது சுலபம், 'சபாஷ்' என்றால் முடிந்தது. என் அளவு இவ்வளவுதான் என்று ஒரு மாணவன் எதிரில், அவன் தகப்பன் எதிரில் ஒரு வித்துவான் சொல்வது சுலபமா? நீங்களே உங்களுக்குத் தெரிந்த நாலு வித்துவான்களை நினைத்துப் பாருங்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அந்தப் பையன் பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறான். போகிற ஊரில் எல்லாம் யாராவது அவர் பெயரைச் சொல்வார்கள். அவர் பாட்டைச் சொல்வார்கள். நினைத்த மாத்திரத்தில் பாடுவாராம், அவர் சொல்லச் சொல்ல ஏடு எழுதுகிறவன் கை ஓயுமாம். இன்று ஒரு நடிகரைப் பற்றிக் கிராமத்துப் பையன் சேர்த்து வைத்திருக்கிற செய்திகளைப்போல அவன் சேர்த்து வைத்திருந்தான். 1871இல், பதினாறு வயதில், தகப்பனாரோடு மாயவரம் போய் அவரைப் பார்க்கிறான்.

அந்த முதல் சந்திப்பில் இனிப்பு கொஞ்சம்தான். எத்தனையோ பேர் பாடம் கேட்கிறேன் என்று வருகிறார்கள், கொஞ்ச நாள் இருக்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள், அதனால் மனம் நொந்திருக்கிறது என்ற பொருளில் பிள்ளையவர்கள் பேசினார். நியாயம்தானே! புதிதாக வரும் ஒவ்வொருவனிடமும் மனதைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவன் போன வழியைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு வேதனை என்று எந்தப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பையன் பிராமணன், பிள்ளை வீட்டில் சாப்பிட முடியாது, காலம் அப்படி. கையில் காசில்லாத தகப்பனார்தான் அதற்கும் ஒரு வழி சொன்னார்.

பெயர் மாறியதும் அங்கேதான். பையனுக்கு வைத்த பெயர் வேங்கடராமன். பிள்ளைக்கு அது வாயில் அமரவில்லை. உனக்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவார்கள், சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்று சொன்னான். அப்படியே கூப்பிடுவோம் என்றார். தமிழ்த் தாத்தாவுக்கு நாம் இன்று சொல்லும் பெயர் அன்று அவர் தேர்ந்தெடுத்தது. ஒரு வாத்தியார் வருகைப் பதிவேட்டில் இன்று இப்படிச் செய்தால் பெற்றோர் சங்கத்தில் பஞ்சாயத்து வரும். அந்தப் பையனோ அதைப் பாக்கியமாக எடுத்துக்கொண்டான்.

சேர்த்துக்கொண்டாரே தவிர, நேரடியாகப் பாடம் சொல்லவில்லை. சவேரிநாத பிள்ளை என்று ஒரு மூத்த மாணவர், கிறிஸ்தவர், பிள்ளையவர்களை நிழல்போல விட்டுப் பிரியாதவர். அவரிடம் பாடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார். சைவ ஆதீனத்துப் பெரும்புலவர் ஒருவர், பிராமணப் பையன் ஒருவனுக்குத் தமிழ் சொல்லும்படி கிறிஸ்தவ மாணவர் ஒருவரை நியமிக்கிறார். 1871இல். இதற்கு யாரும் அன்று விழா எடுக்கவில்லை, அது அந்த வீட்டின் இயல்பு. நாகூர் குலாம் காதிறு நாவலரும் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். முன்சீப் வேதநாயகம் பிள்ளை உயிர்த்தோழர்; அவர் மேல் குளத்துக் கோவை பாடியிருக்கிறார் பிள்ளை. இந்த மாதா கோயில் வளாகத்தில் நின்று இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சவேரிநாதர் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். ஆனால் பையன் மனம் ஆறவில்லை. கங்கைக்கரைக்கு வந்துவிட்டுக் கிணற்றில் குளிப்பதா? கேட்கவும் பயம். அப்போதுதான் அவன் ஒன்றைக் கவனித்தான்.

பிள்ளையவர்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம். அதில் புதிதாக மரங்கள் வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அங்கே போவார். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுற்றி வருவார். எங்காவது புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று கண்ணில் பட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். இதைப் பார்த்த பையன், மறுநாள் அவருக்கு முந்தி எழுந்தான். இருட்டுப் பிரியும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய், கிளை கிளையாகத் தேடி, எந்த மரத்தில் எந்தப் பக்கம் தளிர் வந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். அவர் வந்ததும், இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினான். அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நாள் தவறாமல் இது நடந்தது. கொஞ்ச நாளில் தோட்டத்துக்குள் நுழையும்போதே பையனைத் தேட ஆரம்பித்துவிட்டார். 'தளிர் ஆராய்ச்சி' என்றே அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்திருக்கிறார் ஐயர்.

சரி, இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? காக்கா பிடிப்பது. பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். ஐயரும் இதை மறைக்கவில்லை. ஆசிரியர் மனத்தில் இடம் பிடிக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொல்கிறார். ஆனால் காக்கா பிடிக்கிறவன் பிடித்த காக்காயை வைத்து என்ன கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். மதிப்புரை கேட்கலாம், விருதுக்குச் சிபாரிசு கேட்கலாம், மேடையில் பக்கத்து நாற்காலி கேட்கலாம். இவன் ஒரு காலையில் சமயம் பார்த்து, ஐயாவிடமே பாடம் கேட்க வேண்டும் என்றான். அன்றிலிருந்து அவரே பாடம் சொல்லத் தொடங்கினார். அடுத்த நான்கு சொச்சம் ஆண்டுகளில் அவன் கேட்ட அந்தாதிகளுக்கும் பிள்ளைத்தமிழ்களுக்கும் கோவைகளுக்கும் புராணங்களுக்கும் கணக்கு சொல்ல இந்த ஒரு மாலை போதாது.

பிள்ளை ஏன் அப்படி வாரி வழங்கினார் என்பதற்கு அவருடைய இளமையில் ஒரு கதை இருக்கிறது. பிள்ளையின் வரலாற்றை 1933, 1934இல் இரண்டு பாகமாக எழுதிய ஐயர் சொல்லும் செய்தி இது. இளைஞராகத் திருச்சிப் பக்கம் இருந்த காலத்தில் தண்டியலங்காரம் பாடம் கேட்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. சொல்ல ஆள் இல்லை. ஒரு பரதேசிக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டார். அந்தப் பரதேசி வீடு வீடாகப் பிச்சைக்குப் போகும்போது கூடவே போய், அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, அவர் மனம் இளகும் நேரமெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். தெருவில் நடந்தபடி அலங்காரம் படித்தவருக்கு, விடியற்காலையில் தளிர் தேடிக்கொண்டிருக்கும் பையனைப் பார்த்தால் என்ன தோன்றியிருக்கும்?

இந்த அன்புக்கு ஒரு விலையும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பக்திப் பிரசங்கம் செய்தவன் ஆவேன். மாயவரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர். தகப்பனாரின் விருப்பப்படி பையன் அவரிடமும் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான், பிள்ளைக்குத் தெரியாமல். ஒரு நாள் பாரதியாரே பேச்சுவாக்கில் பிள்ளையிடம் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. சங்கீதத்தில் போனால் இலக்கியத்தில் புத்தி நிற்காது என்பது அவர் எண்ணம். பையன் சங்கீதத்தை விட்டான். ஏற்கெனவே குடும்பத்தில் ஊறியிருந்த வித்தை, நல்ல குரு, நல்ல ஞானம், எல்லாம் அதோடு நின்றது. பெரியவர் அன்பு காட்டும்போது அவருடைய விருப்பு வெறுப்பும் சேர்ந்துதான் வரும். நமக்கு ஒரு பதிப்பாசிரியர் கிடைத்தார். ஒரு பாடகர் போனார். கணக்கு லாபம்தான் என்றாலும் அந்தத் தகப்பனாரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அதே பாரதியார் நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பிள்ளையிடம் பல தடவை நடந்திருக்கிறார். அதில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளை தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே படுத்திருந்தபோது பாரதியார் வந்தார். எழுப்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தன் கீர்த்தனையைத் தனக்காகப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே படுத்திருந்தவர் கேட்டார். கேட்டு உருகி எழுந்து வந்து பாயிரம் எழுதிக் கொடுத்தார். இலக்கணத்தின் காவல்காரர் ஒருவர் பிழையோடு ஒரு பாட்டை ஏற்றுக்கொண்ட அந்த மத்தியானத்தை நான் அடிக்கடி நினைப்பேன்.

என்னுடைய கதை ஒன்று, சின்னது. இந்த மாவட்டத்துக்காரன் என்பதால் சொல்கிறேன். கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றியவர். பள்ளி இறுதி வகுப்பில் ஒரு கதை எழுதி, பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. திரும்ப அனுப்பத் தபால்தலையும் வைத்திருந்தேன், அதுவும் வரவில்லை. அப்புறம் ஒரு தைரியத்தில், நான் விழுந்து விழுந்து படித்த ஒரு எழுத்தாளருக்கு அதன் நகலை அனுப்பினேன். அவர் பெயரைச் சொல்வதாக இல்லை. உயிரோடு இருந்திருந்தால் அவருக்கே பிடித்திருக்காது.

பன்னிரண்டு நாளில் ஒரு தபால் அட்டை வந்தது. பொடிப்பொடியாக எழுத்து, விலாசம் எழுதும் பக்கத்திலும் பாதி. "கிழவி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் இடம் இருக்கட்டும். மற்றதைக் கிழித்துப் போடு. முயற்ச்சி என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். முயற்சி. என் கதைகளை ஆறு மாதம் படிக்காதே, நீ என்னைப்போல எழுதுகிறாய். கு. அழகிரிசாமி படி. அரியலூர் நூலகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் நூலகரைத் தொந்தரவு செய்." இவ்வளவுதான். வாழ்த்து என்று ஒரு சொல் கிடையாது. நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். அம்மா துவைக்கப் போட்டு, மை கலைந்து, இப்போது அதில் 'சுண்ணாம்பு' மட்டும் படிக்க வருகிறது. இன்றைக்கும் முயற்சி என்று எழுதும்போது கை ஒரு கணம் நிற்கும்.

அந்த அட்டையை நான் செங்கணத்து ரெட்டியாரைப் படித்தபிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். என்னைப் படிக்காதே, அவரைப் படி என்று எழுதும் கை அபூர்வமான கை. நம் மொழியில் அப்படிச் சிலர் இருந்தார்கள். வல்லிக்கண்ணன் சிற்றிதழ்களை ஒன்று விடாமல் படித்து, பெயர் தெரியாத பையன்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் பாரதி, கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர் பாடிய பாட்டைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவருடையது என்று குறிப்பு எழுதிச் சுதேசமித்திரனுக்கு அனுப்பி வைத்தார். கையில் காசில்லாத பாரதி தபால் செலவு செய்து அனுப்பிய பாட்டு அது. அந்த இளைஞர் தன் பெயரையே பாரதிதாசன் என்று வைத்துக்கொண்டார்.

ஊக்கம் எப்போதும் தட்டிக் கொடுத்துத்தான் வரும் என்பதும் கிடையாது. 1880 பிப்ரவரியில் ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர் ஆகிறார். அந்த இடத்தில் இருந்த தியாகராச செட்டியார், பிள்ளையின் மூத்த மாணவர், தான் ஓய்வு பெறும்போது முயற்சி செய்து இந்த இளையவரை அங்கே உட்கார வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்தார். ஐயர் போய்ப் பார்த்து, இன்னாரிடம் படித்தேன், இன்ன இன்ன நூல்கள் படித்தேன் என்று வரிசையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவையெல்லாம் படித்து என்ன, பழைய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணி படித்ததுண்டா என்ற மாதிரிக் கேட்டார். இருபத்தைந்து வயது, மகாவித்துவானின் மாணவர், கல்லூரிப் பண்டிதர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்! கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சிந்தாமணி ஏட்டை வாங்கிக்கொண்டு போனார். 1887இல் அது அச்சாகி வந்தது. மற்றதை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள்.

பிற்காலத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் ஐயர் வீடு வாங்கியபோது அதற்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். மகாவித்துவானின் பெயரை வைத்திருக்கலாம். வைத்தது செட்டியார் பெயரை. சோறு போட்டவரை வாசலில் எழுதி வைத்தார். தமிழ் போட்டவருக்கு இரண்டு பாகத்தில் வரலாறு எழுதினார். அந்த வீட்டை 2012இல் இடித்துவிட்டோம்.

கடைசியாக ஒரு இரவு. 1876 பிப்ரவரி முதல் தேதி. திருவாவடுதுறை. பிள்ளையவர்களுக்கு அறுபத்தோரு வயது முடியவில்லை. எத்தனையோ தலபுராணங்கள் பாடியவர், கடன் மட்டும் மீந்திருந்தது. உடம்பு ஒடுங்கிவிட்டது. சவேரிநாத பிள்ளை அவரைத் தன் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தார். சாமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகம் படித்துக்கொண்டிருந்தார். அவர் படித்தது அடைக்கலப் பத்து.

இன்று காலையில் இந்தக் கோயில் முகப்பில் அடைக்கல மாதா என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. தாங்கியவர் கிறிஸ்தவர், படித்தவர் பிராமணர், போனவர் சைவ வேளாளர். மூன்று பேருக்கும் நடுவில் இருந்தது தமிழ்ப் பாடம்.

செங்கணத்து விருத்தாசல ரெட்டியாருக்கும், குன்னம் சிதம்பரம் பிள்ளைக்கும், கார்குடி கஸ்தூரி ஐயங்காருக்கும், அரியலூர் சடகோபையங்காருக்கும் நம் மாவட்டங்களின் நூலகங்களில் ஆளுக்கொரு பெயர்ப் பலகையாவது வைக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளையாரைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவு இல்லை. நாலு பலகை.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. எனக்குத் திருமானூரில் கடைசிப் பேருந்து ராத்திரிதான். அதுவரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். யாராவது ஏதாவது எழுதி வைத்திருந்தால் நோட்டைக் கொண்டு வாருங்கள். முயற்சிக்கு எத்தனை ச் என்பதை மட்டும் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.